வாசகர் கேள்வி – பதில்: தெருமுனைப் பூங்காவும் சின்னஞ்சிறு பிள்ளைகளும்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, வீட்டருகே இருக்கும் சிறு பூங்காவைக் குறைத்து எண்ண வேண்டாம் என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. மழலையர் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால் எனக்கும் இது மனத்துக்கு நெருக்கமான பொருள். ஆகவே, இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கி, ஏழு கடிதங்களுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஒரு பூங்கா இருக்கிறது. நான்கு பெஞ்சுகள், ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல்கள், நடுவில் ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது எட்டில் போய்விடலாம். என் மூன்று வயது மகள் தினமும் அங்கேதான் போக வேண்டும் என்கிறாள். எனக்கோ பத்தே நிமிடத்தில் சலித்துவிடுகிறது. கைப்பேசியைக் கையில் எடுத்துவிடுகிறேன், பிறகு மனம் உறுத்துகிறது. விடுமுறை நாளில் பெரிய பூங்காவுக்கோ கேளிக்கைப் பூங்காவுக்கோ அழைத்துச் சென்றால் போதாதா?
– ஒரு தாய்

பதில்: போதாது என்பதே என் பதில், சகோதரி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கேளிக்கைப் பூங்கா அந்த விருந்தைப் போன்றது. அதற்குப் போய் வாருங்கள், மகிழுங்கள். ஆனால் உங்கள் மகள் தினமும் கேட்பது அதையல்ல.

நாற்பது எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் எட்டு. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். உங்கள் முழங்காலைத் தொடும் செடிவேலி அவளுக்கு இடுப்பளவு உயரம். நீங்கள் பார்க்காமலே தாண்டிவிடும் மரத்தின் வேர், அவள் கை ஊன்றி ஏறி இறங்க வேண்டிய மேடு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் அடிப்பக்கம், கூரையுள்ள ஓர் அறை. பல ஏக்கர் பரப்புள்ள பூங்காவில் குழந்தை பெரும்பாலும் வண்டியில் தள்ளப்படுகிறது, அல்லது 'வா, வா, அங்கே இன்னும் இருக்கிறது' என்று இழுத்துச் செல்லப்படுகிறது. நாற்பது எட்டுப் பூங்காவிலோ இழுத்துச் செல்ல இடமில்லை என்பதால், அவள் நின்ற இடத்தில் நாமும் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. சிறு பூங்காவின் பெரிய நன்மை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

பள்ளிக்கு எதிரே இருந்த அத்தகைய ஒரு பூங்காவுக்கு நாங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்வதுண்டு. ஒருநாள் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன், வாயிலைத் தாண்டியதும் நடைபாதையைக் கடந்துகொண்டிருந்த எறும்பு வரிசை ஒன்றின் முன் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டார்கள். நான் அவனோடு உட்கார்ந்தேன். ஒரு காய்ந்த இலையை எடுத்து வரிசையின் குறுக்கே வைத்தான். முன்னால் வந்த எறும்பு இலையின் ஓரத்தில் முட்டி, திரும்பி, எதிரே வந்த எறும்போடு உணர்கொம்பை உரசிவிட்டு, மறுபடி முட்டியது. சிறிது நேரத்தில் இலையின் இருபுறமும் எறும்புகள் சிதறின. பிறகு ஒன்று இலைக்காம்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இன்னும் சில அதே பக்கமாகப் போயின. கடைசியில் வரிசை காம்பைச் சுற்றி வளைந்து, முன்போலவே ஓடத் தொடங்கியது. எறும்புகள் தரையில் இட்டுச் செல்லும் வாசனைத் தடத்தைப் பின்பற்றித்தான் வரிசையாகப் போகின்றன. தடம் மறைக்கப்பட்டால் தேடுகின்றன, புதுத்தடம் இடுகின்றன. இதையெல்லாம் நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் இலையை எடுத்துவிட்டுப் பார்த்தான். சில எறும்புகள் பழைய வழியில் போயின, சில இன்னும் வளைந்தே போய்க்கொண்டிருந்தன. "இதுக்கு இலை போனது தெரியல," என்றான். அன்று அவன் சறுக்குமரத்தின் பக்கமே போகவில்லை. மறுநாள் வாயிலுக்குள் நுழைந்ததும், முதல் வேலையாக அதே இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தான்.

அந்த மறுநாள்தான் முக்கியம். ஒரே மரத்தைத் தினமும் பார்க்கும் குழந்தைக்குத்தான் அதில் நேற்றில்லாத தளிர் இன்று தெரியும். ஓரிடத்தை முழுவதும் அறிந்துகொண்ட பிறகே, நேற்றுவரை ஏறாத படியில் ஏறிப் பார்க்கும் துணிவும் சிறு குழந்தைக்கு வருகிறது. 'அங்கேதான் போக வேண்டும்' என்று உங்கள் மகள் பிடிக்கும் பிடிவாதத்தை, தன் இடத்தை அடையாளம் கண்டுகொண்ட ஒருத்தியின் விருப்பமாகப் பாருங்கள்.

அளவைப் பற்றி ஒரு செய்தி. நியூயார்க் நகரின் 53ஆம் தெருவில் 1967இல் திறக்கப்பட்ட பேலி பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர அடிதான். மூன்று பக்கமும் கட்டடச் சுவர்கள், ஒரு பக்கம் போக்குவரத்து மிகுந்த தெரு. பின்சுவரில் இருபதடி உயரத்திலிருந்து விழும் நீர் தெருவின் இரைச்சலை மறைக்கிறது. நெருக்கமாக நட்ட மரங்கள் கூரைபோல் நிழல் தருகின்றன. நாற்காலிகள் தரையோடு பதிக்கப்படாமல், வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும்படி இருக்கின்றன. பூங்கா அமைப்பைப் படிப்பவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதை ஒரு முன்மாதிரியாகக் காட்டி வருகிறார்கள். நிழல், நீர், உட்கார ஓர் இடம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்துவிட்டால், பரப்பு ஒரு குறையாகத் தெரிவதில்லை.

இனி உங்கள் சலிப்பு. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். பெரியவர்களின் நேரம் வேறு வேகத்தில் ஓடிப் பழகிவிட்டது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். பூங்காவுக்குள் நுழைந்த முதல் கால்மணி நேரம், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, எந்த யோசனையும் சொல்லாமல், அவள் குனியும் இடத்தில் நீங்களும் குனியுங்கள். அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் அதில் தவறொன்றும் இல்லை. தான் பார்க்கப்பட்டுவிட்டதாக உணரும் குழந்தை பிறகு தனியே விளையாடும். உங்களுக்கும் பத்து நாளில் கண் பழகிவிடும் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள பூங்காவில் குழந்தைகளுக்கென்று இருப்பது ஒரு மணல்தொட்டியும் வளைந்த இரும்புக் கம்பிகள் இரண்டும்தான். வண்ண வண்ண விளையாட்டுச் சாதனங்கள் வேண்டுமென்று உள்ளாட்சி நிர்வாகத்திடம் கூட்டாக மனுக் கொடுக்க நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?
– ஒரு தந்தை

பதில்: மனுக் கொடுங்கள், ஆனால் அதில் எதைக் கேட்பது என்பதை ஒருமுறை மறுபடி யோசியுங்கள். நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த மணல்தொட்டியும் கம்பிகளும் உலகம் போற்றிய ஒரு பெரிய பணியின் அடிப்படைப் பொருள்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் பணித்துறையில் சேர்ந்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், 1947இல் பெர்டல்மன்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் தம் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான விளிம்பு கொண்ட ஒரு மணல்தொட்டி, குட்டிக்கரணம் அடிப்பதற்கான வளைகம்பிகள், உட்காரச் சில பெஞ்சுகள், மரங்கள். இவ்வளவே அதில் இருந்தவை. அதைப் பார்த்த மக்கள் தங்கள் பகுதிக்கும் வேண்டுமென்று எழுதிக் கேட்கக் கேட்க, இடிந்த வீடுகள் இருந்த வெற்றுமனைகளிலும் தெருமுனைகளிலும் ஒவ்வொன்றாக அமைத்து, 1978க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களை அவர் உருவாக்கினார்.

அவர் யானை, கப்பல் என்று உருவம் காட்டும் சாதனங்களை வேண்டுமென்றே தவிர்த்தார். காரணம் எளியது. கப்பல் வடிவில் செய்த சாதனம் என்றும் கப்பலாகவே இருக்கும். வளைந்த கம்பியோ காலையில் குகை, மாலையில் குதிரை. மணல்தொட்டியின் அகன்ற விளிம்பும் அப்படித்தான்: அதுவே உட்காரும் திண்ணை, அதுவே மணலில் செய்தவற்றை வரிசையாக அடுக்கி வைக்கும் மேசை, அதுவே கைவிரித்து நடந்து பார்க்கும் பாலம். உங்கள் பூங்காத் தொட்டியின் விளிம்பில் பிள்ளைகள் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு மாலை முழுவதும் பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், மனுவில் முதலில் நிழலைக் கேட்பேன். அடுத்து, குடிநீர்க் குழாய், சுத்தமான கழிப்பறை, குழந்தை தெருவுக்கு ஓடிவிடாதபடி தானாகச் சாத்திக்கொள்ளும் வாயில், பெரியவர்கள் உட்காரச் சாய்வுள்ள பெஞ்சுகள், மணலை அவ்வப்போது சலித்து மாற்றுவதற்கான ஏற்பாடு. கழிப்பறை இல்லாத பூங்காவிலிருந்து சிறு குழந்தையோடு வந்தவர்கள் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எத்தனை வண்ணச் சாதனம் வைத்தும் அதைச் சரிசெய்ய முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே குறிப்பிடுகிறது. அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதலாம்; சலுகை கேட்கும் தொனி வேண்டியதில்லை.

கேள்வி: என் இரண்டரை வயது மகன் பூங்காவில் மற்றக் குழந்தைகளோடு சேர்வதே இல்லை. அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன்பாட்டில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறான். மற்றத் தாய்மார்கள் 'போய்ச் சேர்ந்து விளையாடு' என்று அவனைத் தள்ளிவிடுகிறார்கள். அவனுக்கு ஏதாவது குறையிருக்குமோ?
– கவலையுள்ள ஒரு தாய்

பதில்: நீங்கள் சொல்வதிலிருந்து கவலைப்பட ஏதும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அதே மணலில், தனக்கான விளையாட்டை விளையாடுவது அந்த வயதுக்கே உரிய இயல்பு. மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் விளையாட்டில் பிறரோடு பழகும் விதங்களை வகைப்படுத்தினார். வேடிக்கை பார்ப்பதும், பக்கத்தில் இருந்துகொண்டு தனித்தனியே விளையாடுவதும் அவற்றில் அடக்கம். கூடி ஒரு திட்டம் போட்டு விளையாடுவது மூன்று, நான்கு வயதைத் தாண்டியே மெல்லப் பெருகுகிறது.

உங்கள் மகன் உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். தொட்டி முழுதும் காலியாக இருக்க, அவன் இன்னொரு குழந்தையின் அருகில் போய் உட்காருகிறான் என்றால், அவன் தனிமையைத் தேடவில்லை. அந்தக் குழந்தை வாளியைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் இவனும் கவிழ்ப்பதைப் பார்ப்பீர்கள். தள்ளிவிடும் தாய்மாரிடம் 'அவன் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான்' என்று அன்போடு சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, உங்கள் முகத்தைப் பார்க்காமை, பேச்சில் பின்தங்கல் போன்றவை வீட்டிலும் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: நான் 68 வயதுத் தாத்தா. ஒன்றரை வயதுப் பேத்தியைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. அவளுக்குச் சறுக்குமரம் என்றால் உயிர். தனியாக விடப் பயந்து, மடியில் வைத்துக்கொண்டு நானும் சேர்ந்து சறுக்குகிறேன். கூடாது என்கிறாள் மருமகள். எது சரி?
– பேத்தியின் தோழன்

பதில்: ஐயா, உங்கள் கையெழுத்துக்கு மேலிருந்த 'பேத்தியின் தோழன்' என்ற சொல்லைப் பலமுறை படித்து மகிழ்ந்தேன். ஆனால் இதில் உங்கள் மருமகள் சொல்வதே சரி. மடியில் இருக்கும் குழந்தையின் காலணியோ பாதமோ சறுக்குமரத்தின் ஓரத்தில் சிக்கிக்கொண்டால், தனியாகச் சறுக்கும் குழந்தை அங்கேயே நின்றுவிடும்; மடியில் இருந்தாலோ, உங்கள் உடல் எடை முழுவதும் அவளைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவதற்கு அது போதும். பாதுகாப்புக்கென்று மடியில் வைத்துக்கொள்வதே ஆபத்தாகிவிடுகிறது என்பதால், குழந்தை மருத்துவர்கள் இதைத் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள்.

அதற்காக அவளுடைய மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டியதில்லை. மிகத் தாழ்வான சறுக்குமரம் இருந்தால், நீங்கள் பக்கத்தில் நின்று, அவள் இடுப்பைப் பிடித்தபடி அடிப்பகுதியில் மட்டும் சறுக்கவிடுங்கள். வெயில் நேரத்தில் முதலில் உங்கள் புறங்கையைச் சறுக்குமரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரும்பு மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் ரப்பர்த் தரையும்கூடக் குழந்தையின் மெல்லிய தோலைச் சுடும். கழுத்தில் கயிறோ துணியோ தொங்கினால் ஏறுமுன் கழற்றிவிடுங்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் ஒருமுறை அளந்து பாருங்கள்: ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கு மேலும் 23 சென்டிமீட்டருக்குக் கீழும் இருக்கும் இடைவெளியில் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளக்கூடும். அப்படி இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: நாளுக்கு எவ்வளவு நேரம் பூங்காவில் இருந்தால் போதும்? இருவரும் வேலைக்குப் போகிறோம்.
– ஒரு தம்பதியர்

பதில்: ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஏதேனும் ஓர் உடலியக்கத்தில் இருக்க வேண்டும் என்றும், மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதிப்புமாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. இந்த 180 நிமிடமும் பூங்காவிலேயே கழிய வேண்டியதில்லை. வீட்டில் தவழ்வதும் மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும். பூங்கா பக்கத்தில் இருந்தால், வேலைக்குப் போகும் முன் இருபது நிமிடம், திரும்பிய பின் அரைமணி என்று பிரித்துக்கொள்ளலாம்; தொலைவிலுள்ள பெரிய பூங்காவில் அது இயலாது.

கண்ணுக்கும் வெளிச்சம் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடையே நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்றாண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. உங்கள் குழந்தை அந்த வயதை எட்டும்போது வெளியே போகும் பழக்கம் ஏற்கெனவே ஊறியிருக்கட்டும்.

கேள்வி: போகும்போது மகிழ்ச்சி, கிளம்பும்போது தினமும் அழுகை, புரளல். எப்படிச் சமாளிப்பது?
– இரண்டு வயது மகனின் தந்தை

பதில்: 'இன்னும் ஐந்து நிமிடம்' என்பது இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருளற்ற சொல். 'இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டுப் போகலாம்' என்பது அவனுக்கு விளங்கும். ஏனென்றால் இரண்டையும் அவனே செய்து முடிக்கிறான். சொன்ன பிறகு மூன்றாவது சறுக்கலுக்கு நீங்கள் இணங்கிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

கிளம்புவதற்கென்று அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். எங்கள் பள்ளியில் மிகவும் அழுத ஒரு சிறுமியிடம் பூங்காவின் கதவைச் சாத்தும் பொறுப்பை ஒப்படைத்தோம். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்து, இரு கையாலும் கதவை இழுத்து, கொண்டியை மேலே தூக்கிப் போட்டு, 'டக்' என்ற ஒலி கேட்ட பிறகே அவள் திரும்புவாள். முதல் வாரம் அழுதுகொண்டே சாத்தினாள். பிறகு, சாத்த வேண்டுமே என்பதற்காகவே முதல் ஆளாக வாயிலுக்கு வந்தாள். ஓர் இலையையோ கூழாங்கல்லையோ வீட்டுக்கு எடுத்துவர விடுங்கள். சட்டைப்பை அழுக்காகும், துவைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம்; உட்காரத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கேற்ற எதுவும் எங்கள் பூங்காவில் இல்லை. நடக்கத் தொடங்கிய பிறகு போனால் போதுமா?
– முதல் குழந்தையின் தாய்

பதில்: இப்போதே போங்கள். ஒரு விரிப்பும் ஒரு மரமும் போதும். முற்பகல் வெயிலில், இலைகள் நெருங்கிய மரமொன்றின் கீழ் விரிப்பைப் போட்டு, அவளை அதன்மேல் உட்கார வையுங்கள். நேர்வெயில் மேலே படாமலும், சிறு கற்களும் விதைகளும் அவள் வாய்க்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சப் புள்ளிகள் விழுந்திருக்கும். இலைகளுக்கு நடுவே உள்ள சின்னஞ்சிறு இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைபோல் இயங்கிச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்துவதால்தான், இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் புள்ளி வட்டமாக விழுகிறது. காற்று அடித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒருசேர அசையும்.

உங்கள் மகள் முதலில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு விரிப்பின் மேல் விழுந்த ஒரு புள்ளியைப் பொத்திப் பிடிக்க உள்ளங்கையை வைப்பாள். அது அவள் புறங்கையின் மேல் ஏறி நிற்கும். கையை எடுத்துப் பார்ப்பாள். அது மறுபடி விரிப்பில் இருக்கும். இதை எத்தனை முறை செய்கிறாள் என்று எண்ணி, அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.